வலைக்கண்ணு வழியா போன ஆறு

அக்டோபர் 4

மக்களே, பெரிய நியூஸ், மூச்சு விடாம வாசிங்க: எங்க ஊர் தடுப்பணைத் தண்ணியில ஒரே ஒரு ஸ்பூனுக்குள்ள இருநூத்திப் பதினாலு உசுரு ஓடுது, நா எண்ணிட்டேன், ஒவ்வொண்ணா எண்ணிட்டேன்!!!

ஆமா, நான்தான், எப்சிபா. பிளஸ் டூல காமர்ஸ் எடுத்தவ. இப்ப ஜெராக்ஸ் கடையில ஆதார் கார்டு லேமினேட் பண்ணுதவ. சயின்ஸ் படிக்காட்டி சயின்ஸ் என்ன கடிச்சா வைக்கும்? செகண்ட் ஹேண்ட் மைக்ரோஸ்கோப் ஆன்லைன்ல வாங்குனேன். ஒடஞ்சு வந்துச்சு. ரிட்டர்ன் போட்டு, சண்ட போட்டு, வேற வாங்குனேன். ஏழு மாசமா வீடியோ பாத்துப் பாத்தே படிச்சிருக்கேன். காலேஜ் போனவளுக இந்த ஏழு மாசத்துல ரெக்கார்ட் நோட்டுக்கு அட்ட போட்டு முடிச்சிருப்பாளுக.

இதுகளுக்கு மொத்தமா ஜூப்ளாங்டன்னு பேரு. தண்ணி போற போக்குல மிதக்குற குட்டிக் குட்டி மிருகங்க. மீன் குஞ்சுக்கு மொத சாப்பாடே இதுதான். டாஃப்னியா இருக்கே, அதுக்கு இதயம் துடிக்கது வெளியவே தெரியும், வெக்கங்கெட்ட பிறவி. சைக்ளாப்ஸுக்கு ஒத்தக் கண்ணு. வெட்டி வெட்டி ஓடுவான், லைசென்ஸ் இல்லாம பைக் ஓட்டுறவன் மாதிரி.

"நம்ம ஆறு நம்ம உசுரு" குரூப்ல எட்டாயிரம் பேரு இருக்கான். ஒருத்தனாச்சும் ஒரு சொட்டுக்குள்ள எட்டிப் பாத்திருக்கானா? தாமிரபரணி மேல சூரியன் சாயுத போட்டோவும் அதுக்குக் கீழ கும்பிடு எமோஜியும்தான். இவனுக பாக்கது ஆத்தோட மேக்கப்ப மட்டும்.

இன்னையில இருந்து தெனமும் இந்தச் சேனல்ல டைரி. புடிக்காதவன் மியூட் பண்ணிட்டுப் போ.

அக்டோபர் 6

எப்படிப் பிடிக்கேன்னு நாலு பேரு கேட்டாங்க. பியூலா அக்காவோட பழைய சிஃபான் துப்பட்டாவ கூம்பு மாதிரி தச்சு, வாயில ஒரு எம்ப்ராய்டரி வளையம், வாலுல ஒரு இருமல் மருந்து பாட்டில். பத்து வாளி தண்ணிய அதுல ஊத்துனா உசுரெல்லாம் பாட்டிலுக்குள்ள வந்து சேந்துரும். அவ்ளோதான். இதுக்குப் போயி ஃபாரின்ல இருந்து வல எறக்குமதி பண்ணுதானுக, பணம் பெருத்தவனுக.

ஈரோட்டுல இருந்து ஒரு ஆளு கமெண்ட்: "ஏனுங்க, வலைக்கண்ணு எத்தன மைக்ரானுங்க?"

நா: "துப்பட்டா மைக்ரானுங்க."

எழுபது பேரு சிரிச்சிருக்கான். மூஞ்சியே இல்லாத ப்ரொஃபைல் வச்சுக்கிட்டு வாராரு பெரிய எக்ஸாமினர்.

சாயங்காலம் ஆசீர் அத்தான் குளத்துக்குப் போனேன். ஆசீர் அத்தான்னா பியூலா அக்கா மாப்பிள்ள. கத்தார்ல ஆறு வருசம் ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு, ஆத்தங்கரையில ரெண்டு குளத்த குத்தகைக்கு எடுத்து மீன் குஞ்சு வளக்காங்க. பண்ணையில இருந்து மூணு நாள் வயசுக் குஞ்ச வாங்கி, குளத்துல விட்டு, வெரல் நீளம் ஆனதும் விக்கணும். போன வருசம் விட்டதுல முக்காவாசி மொத வாரத்துலயே போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா திரும்ப கத்தார்தான். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜெண்ட் கையில இருக்கு. பாப்பா இப்பதான் அப்பான்னு சொல்லப் பழகுது. அக்கா இதப் பத்தி வாயே தெறக்கல. அவ பேசாம இருந்தாதான் எனக்குப் பயம்.

அத்தான்கிட்ட சொல்லிட்டேன், "இந்தத் தடவ நா பாத்துக்கிடுதேன்"னு.

"நீயா?"ன்னாங்க.

"நான்தான். ஒங்க குஞ்சு என்ன திங்கும்னு எனக்குத்தான தெரியும்?"

"அத வறுத்தா நமக்கு ஆகுமா எப்சி?"

இப்படித்தான் இருக்கு இவங்க லெவல்.

அக்டோபர் 7

ஒரு பவுடர் கம்பெனிக்காரன் அத்தானுக்கு "பிளாங்டன் பூஸ்டர்" விக்க வந்தான். நா பத்து கேள்வி கேட்டேன். பதினோராவதுக்கு முன்னாடியே பைக்க எடுத்துட்டான்.

அக்டோபர் 10

மலையில நல்ல மழ. நேத்து ராத்திரியே தடுப்பணை மதகத் தெறந்துட்டாங்க. காலையில போயிப் பாத்தா ஆறு டீ கலர்ல ஓடுது. படிக்கட்டுல நிக்க முடியல. பத்து வாளி ஊத்துனேன். பாட்டில்ல வெறும் சகதி, ஒரு எல, ஒரு செத்த கொசுப்புழு.

திரும்பவும் பத்து வாளி. திரும்பவும் சகதி.

ஒண்ணுமே இல்ல மக்களே. ஆறு நாளுக்கு முன்னாடி இருநூத்திப் பதினாலு. இன்னைக்கு சைபர்.

வீடியோ போட்டுட்டேன். தலைப்பு: "ஆறு செத்துப்போச்சு."

அக்டோபர் 11

பதினோராயிரம் ஷேர்!!! பதினோராயிரம்!!!

யாரு யாரோ போன் பண்ணுதாங்க. "நம்ம ஆறு நம்ம உசுரு" அட்மினே மெசேஜ் பண்ணிருக்காரு, "தங்கச்சி, கண்ணுல தண்ணி வந்துட்டும்மா"ன்னு. வரட்டும். எட்டு வருசமா கும்பிடு எமோஜி போட்டீங்கள்ல.

ஈரோட்டு மைக்ரான் மண்டையன் திரும்பவும்: "வேகமா ஓடுற தண்ணியில பெருசுங்க நிக்க மாட்டாதுங்க, பொடிசுங்கதான் நிக்கும். உங்க வலைக்கண்ணு பெருசா இருந்தா பொடிசு வழியிலயே நழுவிப்போயிருமுங்க. அளந்து பாத்தீங்களா?"

எனக்குப் பாடம் எடுக்காராம். எனக்கு! நா போட்ட ரிப்ளை: "அண்ணே, ஒங்க வீடியோ லிங்க் குடுங்க, பாக்கேன்." அவருக்கு ஏது வீடியோ. முந்நூறு பேரு லைக்.

அக்டோபர் 13

அத்தானுக்கு ஒரு வழக்கம். குளத்த வத்த வச்சு, காய வச்சு, சாணி கரைச்சு, வாய்க்கால்ல இருந்து புது ஆத்துத் தண்ணி விட்டு, நாலஞ்சு நாள்ல குஞ்ச விடுவாங்க. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, "எல்லாரும் அப்படித்தான் செய்தான்"னு ஒரு பதிலு. எல்லாரும்னா யாரு? பவுடர் வாங்குறவனுகளா?

இன்னைக்கு, காய வச்ச ரெண்டாங் குளத்து மதகுல கைய வச்சுட்டாங்க. ஓடிப்போயி பிடிச்சேன்.

"அத்தான், அந்தத் தண்ணியில ஒண்ணுமே இல்ல! வீடியோ பாக்கலயா நீங்க?"

"பாத்தேன். பாப்பாதான் நாலு தடவ பாத்துச்சு."

"செத்த தண்ணிய விட்டா குஞ்சு பட்டினியில சாவும். ஒண்ணாங் குளத்துல மூணு வாரமா நிக்கித பழைய தண்ணியில பாருங்க, டாஃப்னியா எப்படி மொய்க்கின்னு. கண்ணாலயே தெரியுது. கல்யாணப் பந்தி மாதிரி கெடக்கு. அதுலயே விடுங்க."

"வத்த வைக்காமலா?"

"எதுக்கு வத்த வைக்கணும்? சாப்பாட்டக் கீழ கொட்டிட்டு வெறும் இலையப் போடுவீங்களா?"

அத்தான் தலையச் சொறிஞ்சாங்க. குளத்தப் பாத்தாங்க. என்னயப் பாத்தாங்க. "பதினோராயிரம் பேரு ஒன் பேச்சக் கேட்டிருக்கான். நா என்ன பெரிய இவனா?"ன்னுட்டு மதக அடச்சாங்க.

சயின்ஸ் ஜெயிச்சுட்டு!!!

அக்டோபர் 15

குஞ்சு வந்துட்டு. ஒரு லட்சம், ஆக்சிஜன் அடச்ச கவர்ல. ஒவ்வொண்ணும் சீரகத்துல பாதி இருக்கும். ரெண்டு கண்ணும் ஒரு வாலும், அவ்ளோதான் ஒடம்பு. கவர அரமணி நேரம் குளத்துல மிதக்க விட்டு, சூடு பழகுனதும் தெறந்துவிட்டோம். அக்கா பாப்பாவ இடுப்புல வச்சுக்கிட்டுக் கரையில நின்னா.

"ஏட்டி, இதுல எத்தன பொழைக்கும்?"

"எழுபதாயிரம்."

"எழுதிக் குடுப்பியா?"

"ஸ்டாம்ப் பேப்பர் எடுத்துட்டு வா."

அக்கா சிரிச்சா. ரொம்ப நாளுக்கப்புறம்.

அக்டோபர் 17

எல்லாம் சூப்பர். டாஃப்னியா கொறையவே இல்ல, அவ்வளவு சாப்பாடு கெடக்கு.

அக்டோபர் 19

மேகமூட்டம். அதான் குஞ்சு மேல வரல.

அக்டோபர் 20

காலையில ஆறு மணிக்கு அக்கா போன். "ஏட்டி, மேல்மூலையில வெள்ள வெள்ளையா ஒதுங்கிக் கெடக்கு. என்னன்னு வந்து பாரு."

போனேன். பாத்தேன்.

நா சொல்லுதேன், பண்ணைக்காரன் ஏமாத்திட்டான். பாதிக் குஞ்சு வழியிலயே செத்திருக்கும். இல்லன்னா ஆக்சிஜன் பத்தல. இல்லன்னா அத்தான் கவர வெயிலுல வச்சிருப்பாங்க. மூணாப்பு படிக்கிதவனுக்குக் குடுத்தாக்கூட ஒழுங்கா வச்சிருப்பான்.

அத்தான் வடிகட்டிய வச்சு அள்ளி அள்ளிக் கரையில போட்டாங்க. "சாப்டீங்களா அத்தான்"னு கேட்டேன். "நீ சாப்பிடு"ன்னாங்க.

அக்டோபர் 21

நெட் பேக் தீரப் போவுது. அதான் இன்னைக்கு நெறைய எழுதல.

அக்டோபர் 22

அக்கா மெசேஜ்: "அவிய சாப்டாம உக்காந்திருக்காவ. ஏஜெண்ட் போன் பண்ணுனான்." அவ்ளோதான்.

சரி, ஒரு விசயம் சொல்லுதேன். சும்மா, பொழுது போகாமத்தான் செஞ்சேன். ஈரோட்டு ஆளு போன வாரமே ஒரு கமெண்ட் போட்டிருந்தாரு, நா பாத்துட்டு அழிச்சுட்டேன். "ஒரு தலமுடிய வலைக்கண்ணு பக்கத்துல வச்சு மைக்ரோஸ்கோப்புல பாருங்க. முடி சுமாரா எழுபது மைக்ரான் தடிப்புங்க. அதவச்சு ஓட்டைய அளந்துக்கலாம்."

முடியப் பிடுங்கி வச்சுப் பாத்தேன். ஒரு ஓட்டையில மூணு முடி பக்கம் பக்கமா படுத்துச்சு. இடைவெளி விட்டு, சொகுசா.

அந்தத் துப்பட்டா வலையே இல்ல. வாசல்.

அக்டோபர் 23

முந்தாநேத்து ஆத்துல ஒரு பாட்டில் தண்ணி மொண்டு வச்சிருந்தேன். வலையில ஊத்தல. அதுல நாலு சொட்டு அயோடின் மருந்த விட்டு ஜன்னலோரம் அசைக்காம வச்சேன். உசுரெல்லாம் செத்து அடியில படிஞ்சுரும், மேல் தண்ணிய மெல்ல எடுத்துட்டா அடியில கெடக்கத எண்ணலாம். இதுவும் ஈரோட்டு ஆளு கமெண்ட்ல சொன்னதுதான்.

ரோட்டிஃபர். ஒரு சொட்டுல முப்பத்தி ஒண்ணு. அடுத்த சொட்டுல இருபத்தாறு. தலையில ரெண்டு சக்கரம் வச்ச பொடிப்பயலுக. மூணு முடி அகல ஓட்டையில ரெண்டு பேரு கைகோத்துக்கிட்டே போகலாம்.

ஆறு சாகல மக்களே. நான்தான் குருடு.

இப்ப எல்லாம் வெளங்குது, வெளங்கி என்ன பண்ண. ஆறு வேகமா ஓடும்போது, பத்து நாள் எடுத்து வளந்து குட்டி போடுற பெருசுக அதுக்குள்ள கடலுக்குப் போயிரும். சகதியும் டாஃப்னியாவுக்கு ஆகாது, தின்னுற வழி அடச்சுக்கும். ஒண்ணர நாள்ல பெருகுற பொடிசுகதான் நிக்கும். மூணு நாள் மீன் குஞ்சோட வாயி அளவுக்குச் சரியா இருக்கது இந்தப் பொடிசுகதான்.

நிக்கித தண்ணியில தலகீழ். பெருசுக பெருகிப் பெருகி, பொடிசுக சாப்பாட்டையும் சேத்துத் தின்னு, ஒண்ணாங் குளத்துல டாஃப்னியா ராஜ்ஜியம். குஞ்சு வாய விட டாஃப்னியா பெருசு. சைக்ளாப்ஸ் குஞ்சையே கடிப்பானாம். பந்தின்னு சொன்னேனே. ஒரு லட்சம் பேரயும் வாயில நொழையாத சோத்துக்கு முன்னாடி உக்கார வச்சிருக்கேன்.

பண்ணைக்காரன் ஏமாத்தல. அத்தான் கவர வெயிலுல வைக்கல. ஸ்டாம்ப் பேப்பர் கேட்டவ மட்டும்தான் அங்க தப்பு.

அக்டோபர் 24

போய்ச் சொல்லிட்டேன். வழியெல்லாம் நெனச்சு வச்சிருந்தது ஒண்ணும் வாயில வரல.

அத்தான் மோட்டார் ஃபுட்வால்வக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க.

"அத்தான், ஒண்ணு சொல்லணும்."

"வீடியோவா?"

"இல்ல. தப்பு. ஏந் தப்பு."

முழுசும் சொன்னேன். முடி, ஓட்ட, சொட்டு, எல்லாம். துப்பட்டாவ வாங்கி வெயிலுக்கு நேராப் பிடிச்சாங்க.

"இதுவழியா தென்னமரமே தெரியுது. ஒனக்குத் தெரியலயா?"

"தெரியல அத்தான்."

"ஷேர் பண்ணுன பதினோராயிரம் பேருல ஒருத்தன் கேக்கல?"

"ஒருத்தரு கேட்டாரு. நா கிண்டல் பண்ணிட்டேன்."

அக்கா வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அடிப்பான்னு நெனச்சேன், அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். "ஒரு லட்சம் குஞ்சு, ஏட்டி"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அத்தான் ரொம்ப நேரம் ஃபுட்வால்வையே தொடச்சாங்க. அப்புறம், "ரெண்டாங் குளம் காஞ்சு கெடக்கு. பண்ணையில சீசனுக்குக் கடைசிக் குஞ்சு அடுத்த வாரம் வருது. ஆறு இப்படி எத்தன நாள் ஓடும்?"

"தெரியாது அத்தான்."

"இந்த வார்த்தைய நீ பத்து நாளைக்கு முன்னாடி சொல்லிருக்கணும்"னாங்க. சொல்லிட்டு எந்திரிச்சு, ரெண்டாங் குளத்து மதகத் தெறக்கப் போனாங்க. பின்னாடியே சாணிக்கூடையத் தூக்கிட்டு நானும் போனேன். போகாதன்னு சொல்லல.

அக்டோபர் 25

ஈரோட்டு ஆளுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன். பதினஞ்சு தடவ எழுதி அழிச்சு, கடைசியில "ஸாரிண்ணே, மூணு முடி"ன்னு மட்டும் அனுப்புனேன்.

பதில்: "அட விடுங்க கண்ணு. நா ரத்தப் பரிசோதனக் கடையில வேல பாக்குறவனுங்க. நாளெல்லாம் அணு எண்ணுறதுதான் பொழப்பு. எண்ணுறதுக்கு முன்னாடி எது நழுவிச்சுன்னு பாக்கோணும். மொத வருசம் நா நழுவவிட்டது உங்களுக்குத் தெரியாது."



அக்டோபர் 29

நாலு நாளா காலையில ரெண்டாங் குளத்துத் தண்ணிய எண்ணுதேன். ஒரு சொட்டுக்கு மூணு. ஒம்பது. இருபத்தி நாலு. இன்னைக்கு அறுபது. ரோட்டிஃபர் மட்டும். டாஃப்னியா இப்பதான் ஒண்ணு ரெண்டு மூஞ்சி காட்டுது. அது பெருகுறதுக்குள்ள விட்டாகணும். இன்னும் நாலு நாள் தள்ளுனா திரும்பவும் பழைய கத. போன வருசம் குஞ்சு லேட்டா வந்து பத்து நாள் கழிச்சு விட்டாங்களாம், அதான் போச்சு.

"இன்னைக்கே விடலாமா?"ன்னு அத்தான் கேட்டாங்க.

"விடலாம்னு நெனைக்கேன். ஆனா நூத்துக்கு நூறு தெரியாது."

"சரி, விடுவோம்."

நாப்பதாயிரம் குஞ்சு. அக்கா கரைக்கு வரல.

நவம்பர் 2

ஒரு குஞ்ச எடுத்து ஒரு சொட்டுத் தண்ணியோட லென்ஸுக்குக் கீழ வச்சேன். கண்ணாடி மாதிரி ஒடம்பு, உள்ள இருக்கது அப்படியே தெரியும். வயிறு நெறைய ரோட்டிஃபர். ஒரு பய வயித்துக்குள்ள கெடந்துக்கிட்டு இன்னும் சக்கரத்தச் சுத்துதான்.

அத போன்ல வீடியோ எடுத்து அத்தான்கிட்ட நீட்டுனேன். பாத்தாங்க. அக்காவக் கூப்பிட்டாங்க. அக்கா மாவு கையோட வந்து, ஸ்கிரீனத் தொடாம குனிஞ்சு பாத்தா.

"இது திங்கா?"

"தின்னுட்டுக்கா. இது வயிறு."

"அப்ப சரி"ன்னா. அடுப்புல தோச கருகுதுன்னு உள்ள ஓடிட்டா.

குஞ்சத் திரும்பக் குளத்துலயே விட்டுட்டேன். நீந்திப் போச்சு.

நவம்பர் 6

ஒரு வாரம் தாண்டிட்டு. போன வருசமும் போன தடவையும் இந்த ஒரு வாரத்துக்குள்ளதான் எல்லாம் போச்சு. இன்னைக்குக் காலையில மேல்மூலையில ஒரு வெள்ள கெடையாது. கைய விட்டா கரு கருன்னு வெலகி ஓடுது. எத்தன பொழைக்கும்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல.

ஏஜெண்ட் நேத்து வீட்டுக்கே வந்தான். அத்தான் டீ குடுத்து, "தை வரைக்கும் பொறும்யா, அப்புறம் சொல்லுதேன்"னாங்க. "பாஸ்போர்ட்?"ன்னான். "ஒன் கையிலயே இருக்கட்டும்"னாங்க. வேண்டாம்னு சொல்லல. அக்கா அவன் கிளம்புற வரைக்கும் அடுக்களையில ஒரே டம்ளரக் கழுவிக்கிட்டு இருந்தா.

அப்ப தை வரைக்கும் எங்களுக்கு டைம். அதுக்குள்ள குஞ்சு வெரல் நீளம் ஆகணும், அதுவரைக்கும் குளத்துக்கு அப்பப்ப புதுத் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும். இந்த மழ சீசன்ல ஆறு இன்னும் எத்தன தடவ ஏறும், எறங்கும், தெரியாது. ஓடும்போது ஒரு கூட்டம், நிக்கும்போது வேற கூட்டம். எந்தத் தண்ணிய என்னைக்குக் குளத்துக்குள்ள விடணும்னு ஒரு ஊரு படிக்கட்டுல நின்னு ஒருத்தி கண்டுபிடிக்க முடியாது. பதினோராயிரம் பேரு சேந்தா முடியும்.

அதனால "ஆறு செத்துப்போச்சு" வீடியோவ ஷேர் பண்ணுன எல்லாருக்கும்: அது பொய். தெரியாமச் சொன்ன பொய்யி, ஆனா பொய்யிதான். திருத்தி வேற வீடியோ போட்டு எட்டு நாளாச்சு, முப்பத்தி நாலு ஷேர். செத்த ஆத்துக்கு அழுதவங்களுக்கு, உசுரோட இருக்கத ஷேர் பண்ண வெரலு வலிக்கோ? பண்ணுங்க. இன்னைக்கே பண்ணுங்க. குரூப் அட்மின் அண்ணே, ஒங்களையும்தான் சொல்லுதேன்.

ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்கு தடுப்பணைக்கு வாங்க. வர முடியாதவங்க அவங்கவங்க ஊரு படித்தொறையில அதே நேரத்துல ஒரு லிட்டர் தண்ணி மொண்டு வைங்க. எப்படி எண்ணணும்னு ஈரோட்டு அண்ணன் லைவ்ல சொல்லுவாரு. மூஞ்சி காட்ட மாட்டாராம், கொரல் மட்டும்.

மேல ஊருக்காரங்களுக்கு இன்னொண்ணு. ஒங்க பக்கம் மதகு தெறந்தா, ராத்திரியோ பகலோ, மணியும் தண்ணி ஒசரமும் போட்டு எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க. "குட்மார்னிங் சிஸ்டர்" வேண்டாம். மணி, ஒசரம், அவ்ளோதான். பாப்பாவுக்கு அப்பா தை வரைக்குமாச்சும் இங்க இருக்காங்க. அதுக்கு மேல இருக்கணும்னா, தண்ணி எங்க குளத்து மதகுக்கு வந்து சேருததுக்கு முன்னாடி ஒங்க மெசேஜ் வந்து சேரணும்.